ஒரு வரி கீழே

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், பிஸ்மி சொல்வேன், மறுபடி வைத்துவிடுவேன். இன்று அல்லாஹ்வின் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

பழுப்பு அட்டை போட்ட லாகரிதம் புத்தகம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. உள்ளே முழுக்க எண்கள். ஐம்பதுகளின் கடைசியில் என் கணவர் திண்டுக்கல்லில் சயின்ஸ் வாத்தியார். பள்ளி விட்டு வந்ததும் முற்றத்தில் பாய் விரித்துக் கணக்குப் போடுவார். ஐந்தாவதோடு நின்ற நான் பக்கத்தில் அமர்ந்து, அவர் கேட்கும் வரியில் விரல் வைத்து எண்களை ஒவ்வொன்றாக வாசிப்பேன். ஈயம் போன்ற உலோகங்களை ஐஸெல்லாம் சூடு என்று சொல்லும் அளவுக்குக் குளிரவைத்தால், மின்சாரம் தடையே இல்லாமல் ஓடுமாம். சற்றுச் சூடேறினாலும் அந்தக் குணம் போய்விடுமாம். "ஈயத்த நல்லா அமுக்கிப் பிடிச்சா அந்தக் குணம் எம்புட்டுச் சூடு வரைக்கும் தாங்கும்? செஞ்சு பாக்க நம்மகிட்ட மிஷின் இல்ல புள்ள. கணக்கு வச்சுத்தான் முன்கூட்டிச் சொல்லணும்" என்பார்.

தோல் கிடங்கிலிருந்து வரும் அவருடைய அண்ணன் சிரிப்பார்: "ஏலே, ஈயத்துல கரண்டு ஓடுறது இருக்கட்டும். மொதல்ல ஒன் வீட்டுக்குக் கரண்டு வருதான்னு பாரு!"

"வரும்ணே, வரும்" என்று இவரும் சிரிப்பார்.

ஒரு வருட உழைப்பு. கணக்கைப் பிரதி எடுத்துச் சென்னையில் ஒரு பேராசிரியருக்கு அனுப்பினார். அவருக்குப் பிடித்திருந்தால் ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்வார். என் கணவர் தனக்கென்று கேட்ட துஆ அது ஒன்றுதான்.

பதில் வந்தது. மூன்றாம் பக்கத்தில் ஓர் எண் தவறு, அதற்குப் பிறகுள்ளது எதுவும் நிற்காது என்று எழுதியிருந்தார். "என் புத்தி அம்புட்டுத்தான் புள்ள" என்றார் இவர்.

மறுநாள் அவர் பள்ளிக்குப் போனதும் அந்த எண்ணைப் புத்தகத்தில் தேடினேன். பார்த்ததும் அதை நான் வாசித்த சாயங்காலம் நினைவுக்கு வந்தது. பாதி வாசிக்கையில் மஹ்ரிப் தொழுகைக்கான பாங்கு கேட்டது. விரலை எடுத்து முந்தானையைத் தலையில் போட்டேன். பாங்கு முடிந்து விரலை வைத்தபோது ஒரு வரி கீழே வைத்திருக்கிறேன். அவர் சந்தேகப்பட்டு, "இன்னொருக்காச் சொல்லு" என்று கேட்கவும் செய்தார். "அதேதான் மச்சான்" என்றேன்.

வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று வாசலிலேயே நின்றேன். சொல்லியிருந்தால் திருத்தி அனுப்பியிருப்பார். ஆனால் வந்தவர் கணக்குக் காகிதக் கட்டை எடுத்து என் கையில் கொடுத்து, "வெந்நீர் அடுப்புக்கு ஆகும்" என்றார். இனி என்னைப் பக்கத்தில் உட்கார வைக்கமாட்டாரே என்ற பயத்தில் வாய் வரவில்லை. எரித்தவளும் நானே.

அதன்பின் அவர் கணக்கைத் தொடவில்லை. தன் புத்தியே குறை என்று நம்பியபடி மௌத்தாகிவிட்டார். மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்வார். நான் இனி யாரிடம் போய்க் கேட்பது? எண் சரியாக இருந்திருந்தால் அவர் சொன்னது பலித்திருக்குமா? அதுவும் எனக்குத் தெரியாது.

படிக்கிறவர்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். என் மேல் இரக்கப்பட்டு எதையும் மாற்றிவிடாதீர்கள். பாங்கின் மேல் பழி போடாதீர்கள். விரல் என்னுடையது.