இடப்பக்க ஸ்பீக்கர்

படப்பையில் நாங்கள் குடியிருந்த மாடி அறையில் கட்டில் கிடையாது, ஆனால் ஸ்பீக்கர் இருந்தது. இரண்டு பாய், ஒரு ஸ்டவ், கொடியில் தொங்கும் கம்பெனி யூனிஃபார்ம்கள், இவற்றுக்கிடையே இடுப்புயரத்தில் இரண்டு மரப்பெட்டிகள். சேரப்பணஞ்சேரி ஆசாரி ஒருவரிடம் அளவு வரைந்து கொடுத்துச் செய்தவை. "உள்ள இன்னா தம்பி வைப்ப, கோழியா?" என்று கேட்டுக்கொண்டேதான் அவர் ஓட்டை போட்டார். ஆம்ப்ளிஃபயர் பழையது, நானே பிரித்து, பாதி பாகங்களை மாற்றிப் பூட்டினேன். டிப்ளமோ எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு ஒரு உதிரிபாகக் கம்பெனியின் சோதனைப் பிரிவில் வேலை. ஓய்வு நாளென்றால் பிரவுசிங் சென்டர். ஆடியோ பற்றிய கட்டுரைகளைத் தேடிப் பிரிண்ட் எடுத்து வருவேன். ஸ்பீக்கர் எப்படியிருந்தாலும் சூட்சுமம் ஒயரில் இருக்கிறது என்று அவற்றில் பலர் எழுதியிருந்தார்கள். நான் நம்பினேன்.

அறைத்தோழனுக்குத் தென்காசிப் பக்கம். ஐடிஐ ஃபிட்டர். தகட்டை ஒரே அடியில் கார் கதவாக வளைத்துப் போடும் பிரஸ் ஷாப்பில், ஒரகடத்தில், டிரெயினியாக இருந்தான். டிரெயினிங் முடியும் தறுவாய். மெடிக்கலில் தேறிவிட்டால் பர்மனென்ட். தேறாவிட்டால் ஊருக்கு பஸ். அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டில் அந்த ஒரு காகிதத்துக்காகத்தான் காத்திருந்தார்கள். "பிளட் பிரஷரும் கண்ணும்தான் பாப்பானுவளாம். நமக்கென்னலே, கல்லு மாதிரி இருக்கோம்" என்பான்.

வீட்டில் ஒரு சின்னத் தொந்தரவு இருந்தது. நான் ஷிஃப்ட் முடிந்து வரும்போதெல்லாம் ஆம்ப்ளிஃபயரின் பேலன்ஸ் குமிழ் இடப்பக்கம் திரும்பியிருக்கும். இட ஸ்பீக்கர் ஓங்கி ஒலிக்கும், வலது முனகும். நடுவுக்குக் கொண்டு வந்து வைப்பேன். மறுநாளும் அப்படியே. குமிழ் தளர்ந்திருக்கிறது என்று ஸ்க்ரூவை இறுக்கினேன்.

சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் என் நச்சரிப்பு தாங்காமல் இரண்டு ஜோடி ஒயர்களைக் கொடுத்தனுப்பினார். வீட்டில் போட்டுக் கேள், பிடித்ததை வைத்துக்கொள், மற்றதைத் திருப்பிக் கொடு. பிணையாக என் பைக்கின் ஆர்சி புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டார். ஒன்று சுத்தமான செம்பு, கண்ணாடித் தோலுக்குள் இழை இழையாகத் தெரியும். மற்றது வெள்ளி முலாம் பூசியது, கறுப்பு வலை சுற்றிச் சாரைப்பாம்பு போல இருந்தது.

"கொலுசுக்குப் போடுத வெள்ளிய ஒயருக்குப் போட்டுருக்கானுவ" என்று அறைத்தோழன் அதைத் தடவிப் பார்த்தான். "இத என் தங்கச்சிட்டக் காட்டிராதல."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோதனை. எந்த ஒயர் ஓடுகிறது என்று தெரிந்தால் காது பொய் சொல்லும். அதனால் அவன் ஸ்டூலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டும், நான் பின்னால் மாற்றி மாற்றிப் பூட்ட வேண்டும். போட்ட சிடியில் கடம் இடப்பக்கம், மோர்சிங் வலப்பக்கம். கடத்தில் விரல் படும் அந்தச் சுள்ளென்ற முனையை எந்த ஒயர் தெளிவாகக் கொண்டு வருகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் செம்பு.

"எப்படிடா?"

"நல்லாத்தான் இருக்கு. பானைச் சத்தம் மட்டும் அமுங்கிக் கெடக்கு."

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. கட்டுரைகளில் சொன்னது இதுதானே, செம்பு மேல்ஸ்தாயியை அமுக்கும். அவசரமாக வெள்ளியைப் பூட்டினேன்.

"இப்ப?"

"அதே மாதிரிதாம்ல. யாரோ பானைக்குள்ள துணியத் திணிச்ச மாதிரி."

என் காதுக்குக் கடம் நன்றாகத்தான் விழுந்தது. ஆனால் சோதனையில் கேட்பவன் சொல்வதுதான் தீர்ப்பு. இணைப்பில் ஏதோ குறை என்று முடிவு செய்தேன். இட ஒயரை வலத்துக்கும் வல ஒயரை இடத்துக்கும் மாற்றினேன். பானை அமுங்கியே இருந்தது. ஆக, ஒயர் இல்லை. பெட்டிகளை இடம் மாற்றி வைத்தேன். அப்படியே இருந்தது. ஆக, ஸ்பீக்கரும் இல்லை. சிடி பிளேயருக்குப் பின்னால் இரண்டு பின்களையும் மாற்றிச் செருகினேன். இப்போது கடம் வலப்பக்கம் வந்தது.

"ஆ, இப்ப பானை கணீர்னு கேக்கு. ஆனா மோர்சிங்கக் காணோம்."

"இன்னாடா நீ, ஒண்ணு வந்தா ஒண்ணு போவுதுன்ற. ஒழுங்கா கேளு."

"ஒழுங்காத்தாம்ல கேக்கேன். உன் எடது பக்கத்துலதான் கோளாறு."

அறையின் இடப்பக்கம் ஜன்னல். ஷேர் ஆட்டோக்கள் ஆள் கூப்பிடும் சாலை. சத்தம் அந்த வழியாக ஓடிவிடுகிறது என்று எனக்கு உடனே பிடிபட்டது. ஜன்னலைச் சாத்தினேன், போர்வையைத் தொங்கவிட்டேன். மாற்றமில்லை. கடைசியாக ஒரு வழி இருந்தது. "நீ அப்படியே திரும்பி செவுத்தப் பாத்து உக்காரு. ரூம்தான் காரணம்னா அதே பக்கம்தான் அடிபடும்."

சிரித்துக்கொண்டே ஸ்டூலோடு திரும்பினான். "வாத்தியார் பெஞ்சு மேல ஏத்துத மாதிரி இருக்கு." கொஞ்ச நேரம் கேட்டான். "ஏய், மோர்சிங் வந்துட்டு. இப்ப பானை போச்சு."

ஸ்க்ரூ டிரைவர் என் கையிலேயே இருந்தது. எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாகிவிட்டது. மாற்றாமல் மிச்சம் இருந்தது அவன் மட்டும்தான்.

அவன் சுவரைப் பார்த்தபடியே மெதுவாகக் கையைத் தூக்கி வலது காதை உள்ளங்கையால் அடைத்தான். எடுத்தான். மறுபடி அடைத்தான்.

"ஃபேன ஆஃப் பண்ணிட்டியா?"

ஃபேன் தலைக்குமேல் கடகடத்துக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் சொன்னான். பிரஸ்ஸில் அச்சு சரியாக உட்காராவிட்டால் அடிக்கிற சத்தம் மாறும். அந்த மாற்றத்தைப் பிடித்து உடனே நிறுத்தாவிட்டால் அடுத்தடுத்த கதவெல்லாம் ரிஜெக்ட், அவன் பேரில். அதற்காகக் காதடைப்பானை வலது காதில் மட்டும் செருகி, மெஷின் பக்கம் இருக்கும் இடது காதைத் திறந்தே வைத்திருப்பான். சூப்பர்வைசர் வந்தால் அதிலும் செருகிக்கொள்வான், போனால் எடுத்துவிடுவான். லைனில் பல பேர் அப்படித்தானாம். "எங்க லைன்ல ரிஜெக்ட் கம்மி. இந்தக் காதுக்காவத்தான் என்ன டிரெயினிங்லயே மெயின் பிரஸ்ல போட்டாங்க."

"மெடிக்கல்ல காது பாப்பாங்களா?" என்று கேட்டேன்.

"பாக்கத்தான் செய்வானுவளாம், இப்பத்தான் சொல்லுதானுவ. ஹெட்போன மாட்டி பீப் விடுவான், கேட்டாக் கையத் தூக்கணும்." கொஞ்சம் யோசித்தான். "அவன் பட்டன அமுக்கும்போது தோள் அசையும்லா? அதப் பாத்துத் தூக்கிருதேன்."

இருவரும் சிரித்தோம். சிரிப்பு நின்றதும் சிடி ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. எழுந்து நிறுத்தினேன்.

தாம்பரத்தில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நரம்பு போய்விட்டது, போனது வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள் என்றார். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அவன் என் வலப்பக்கம் உட்காரப் பார்த்தான். வலது காது என் பக்கம் வராது என்று சட்டென இடம் மாறிக்கொண்டான். அதற்கு முன்னும் அப்படித்தான் மாறியிருப்பானோ என்னவோ.

மெடிக்கல் முடிந்து அவன் மாடியேறி வந்தபோது நான் யூனிஃபார்ம் துவைத்துக்கொண்டிருந்தேன்.

"செவுத்தப் பாத்து உக்கார வச்சுட்டான்ல" என்றான். "உன்ன மாதிரியே."

நன்றி சொல்லி, அடுத்த பேட்ச்சில் பார்க்கலாம் என்று கம்பெனியில் அனுப்பிவிட்டார்கள். பெண் வீட்டில் அவன் எதையும் சொல்லவில்லை. அவர்களும் அப்புறம் கேட்கவில்லை. ஊருக்குக் கிளம்பிய காலையில், பையைக் கட்டி வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்தான். என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, பேலன்ஸ் குமிழை இடப்பக்கம் கடைசி வரைக்கும் திருப்பினான். இத்தனை நாள் நான் இறுக்கிய ஸ்க்ரூவையும் மீறி அது சுலபமாகத்தான் திரும்பியது. வல ஸ்பீக்கர் செத்துப்போனது. ஒரு பாட்டு முழுக்க அப்படியே கேட்டான்.

"வெள்ளிதாம்ல நல்லாருக்கு. அதையே வச்சுக்க" என்றான்.

இரண்டு ஜோடியையும் கடையில் கொடுத்துவிட்டு ஆர்சி புத்தகத்தை வாங்கி வந்தேன். எது நன்றாக இருந்தது என்று கடைக்காரர் ஆவலாகக் கேட்டார். இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்றேன். பழைய ஒயரையே பூட்டி, குமிழை நடுவுக்குக் கொண்டு வந்தேன்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தேன். நான் வைத்த இடத்திலேயே இருந்தது.