தலைவர் ரெங்கசாமியின் சந்தேகம்

சாலாக் செலாத்தானில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் போன் ரெங்கசாமிக்குத்தான். கூடாரம், நாற்காலி, சவ வண்டி எல்லாம் ஒரு மணி நேரத்தில் வந்து இறங்கிவிடும். இருபத்திரண்டு வருடமாக மரண உதவிச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். காஜாங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, ரயில்வேயில் முப்பது வருடம் தண்டவாளம் பார்த்தவர். அங்கே அவரை மதித்து ஒரு வார்த்தை சொன்னவர் கிடையாது. இங்கே "தலைவரே" என்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்கு மனிதர் உயிரையே கொடுப்பார்.

அந்தப் பாழாய்ப்போன புத்தகம் பிரிக்பீல்ட்ஸ் பழைய புத்தகக் கடையில் அவர் கையில் சிக்கியது. அரசன் ஆட்சியைப் பிடிப்பது எப்படி, பிடித்ததை விடாமல் வைத்திருப்பது எப்படி என்று எந்தக் காலத்திலோ எவரோ எழுதியதன் தமிழாக்கம். நாட்டை ஆள்கிறவனுக்கு எழுதியதை நாற்காலியும் கூடாரமும் ஆள்கிறவர் படித்தால் உருப்படுமா? இரண்டு முறை படித்தார். அவர் மண்டையில் ஏறியது ஒன்றுதான்: கூட இருப்பவனைக் கவனி.

கூட இருந்தவர் செயலாளர் திருச்செல்வம், ரயில்வே காலத்துக் கூட்டாளி. ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும் எழுந்து ரெங்கசாமி பெயரை முன்மொழிகிறவர். அவர்மேல்தான் இவர் கண் விழுந்தது.

கூட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, திருச்செல்வம் ஒரு காகிதத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். கீழ்மாடி புனிதா அதில் கையெழுத்துப் போடுவதை ரெங்கசாமி பார்த்துவிட்டார். இவரைக் கண்டதும் காகிதம் பைக்குள் போனது.

"என்ன செல்வம், என்ன கையெழுத்து?"

"ஒண்ணுமில்லண்ணே, சும்மா லா."

சும்மாவாம்! இருபத்திரண்டு வருடம் கூடவே இருந்து குழி பறிக்கிறானே என்று ரெங்கசாமி குமுறினார். அவன் முந்துவதற்குள் நாம் முந்த வேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமையே செயற்குழுவைக் கூட்டி, திருச்செல்வத்தைப் பதவியிலிருந்து எடுத்தார். சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் பிரவினைச் செயலாளர் ஆக்கினார்.

"அண்ணே, ரெண்டே நாள் பொறுங்க," என்றார் திருச்செல்வம்.

"எதுக்கு?"

திருச்செல்வம் சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தார். பிறகு சங்கத்துச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அடுத்த சில நாட்கள் அவர் பெயர் போனில் வந்துகொண்டே இருந்தது. ரெங்கசாமி எடுக்கவில்லை.

கூட்ட நாளில் பிரவின் கோப்பைப் புரட்டிக்கொண்டு எழுந்தான். தலைவர் கிழித்த கோட்டைத் தாண்டாதவன், சட்டப் புத்தகத்தின் கோட்டையும் தாண்டவில்லை.

"எழுபது வயசு ஆனவங்க தலைவருக்கு நிக்க முடியாது. சங்கச் சட்டம்."

"அதுக்கென்ன? எனக்கு அறுபத்தெட்டுதான் லா!"

"உங்க ஐசில எழுபது, தலைவரே."

ரெங்கசாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிறு வயதில் அவரை எஸ்டேட் வேலைக்குச் சேர்க்க, அப்பா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியிடம் இரண்டு வயது கூட்டிச் சொன்னது அப்படியே ஐசி என்கிற அடையாள அட்டையில் ஏறியிருந்தது. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்த அன்று அதைத் திட்டியவர், பிறகு மறந்தே போனார்.

"முக்கால்வாசிப் பேர் கையெழுத்து வாங்கி, செயலாளர் ரெண்டு வாரத்துக்கு முன்னாலயே மனு குடுத்திருந்தா விதிவிலக்கு உண்டு," என்றான் பிரவின். "அப்படி ஒண்ணும் வரல."

செயற்குழுவில் இருந்த மாரிஸ் தலைவரானார். கை தட்டினார்கள்.

வெளியே, கார் நிறுத்துமிடத்தில் திருச்செல்வம் நின்றிருந்தார். பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினார். 'வயது விதியைத் தளர்த்தி ரெங்கசாமி அவர்களே தலைவராகத் தொடர வேண்டும்' என்று மேலே எழுதியிருந்தது. கீழே பக்கம் பக்கமாகக் கையெழுத்துகள்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"வயசு விஷயம் வெளிய தெரிஞ்சா, யாராச்சும் கெளப்பிவிடுவாங்கன்னு மொதல்ல சொல்லலண்ணே. அப்புறம் சொல்லத்தான் பத்து தடவ போன் போட்டேன். எடுத்தீங்களா?"

ரெங்கசாமி கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். செயலாளர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.