மூன்றாவது பிள்ளைக்குக் காய்ச்சல்

ஓலா டீச்சர் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். ஸ்பானிஷில் ஓலா என்றால் வணக்கம். வகுப்புக்குள் நுழையும்போதே அதைச் சொல்லிக்கொண்டுதான் நுழைவாள். எங்கள் தொடக்கப்பள்ளியில் அவளுக்கென்று ஓர் அறை கிடையாது. என் ஓவிய அறையில், காய்ந்துபோன வண்ணப் புட்டிகள் கிடக்கும் மூலையில் ஒரு மேஜையைத் துடைத்துக் கொடுத்தேன். மூன்று வருஷம் அங்கேதான் இருந்தாள். அவளுக்கு நாங்கள் செய்ததை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

இருபது வயதில் அவள் ஒரு பயணிகள் கப்பலின் சலவை அறையில் வேலைக்குச் சேர்ந்தவள். கூட இருந்த பெண்கள் எல்லோரும் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். முதல் நாளே ஒருத்தியிடம் கெஞ்சி ஒரே ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டாளாம். "தொடவீயா நோ லோ சே." எனக்கு இன்னும் தெரியாது என்று அர்த்தம். அதைச் சொன்னால் எப்பேர்ப்பட்ட முசுடும் திட்டுவதை நிறுத்திவிட்டுச் சொல்லிக்கொடுக்கும் என்பாள். ஆறு வருஷம் படுக்கை விரிப்புகளை மடித்தபடியே மொழியைப் பிடித்துக்கொண்டாள். கரைக்கு வந்து பரீட்சை எழுதி முதல் வகுப்பில் தேறினாள்.

பிள்ளைகளுக்கும் அதையேதான் முதல் பாடமாக வைத்தாள். ஒரு துணிப்பந்தைத் தூக்கிப் போட்டுக் கேள்வி கேட்பாள். பதில் தெரிந்தால் சொல்லலாம், தெரியாவிட்டால் அந்த வாக்கியம். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் தெரியாது என்பதைக் கூச்சமே இல்லாமல் சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷம் கற்றுக்கொள்வதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தலைமை ஆசிரியர் ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தார். தெரியாது என்று சொல்லிக்கொடுக்கவா பெற்றவர்கள் இங்கே கொண்டுவந்து சேர்க்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவளுடைய வகுப்புகளும் அவளுக்கு மிஞ்சாது. கணக்குப் பரீட்சை வந்தால் ஸ்பானிஷ் நேரம் கணக்குக்கு, விளையாட்டு விழா வந்தால் விளையாட்டுக்கு. கேட்க நாதியில்லாத பாடம். அவளுமே தற்காலிக ஆசிரியை. நீண்ட விடுமுறை விட்டால் வேலை போய்விடும், பள்ளி திறந்தால் மறுபடி விண்ணப்பம் எழுத வேண்டும். பேருந்து ஓட்டும் கணவர், "நிரந்தரம்னு ஒரு கையெழுத்து வாங்கிடு, அப்புறம் உன் இஷ்டத்துக்குச் சொல்லிக்குடு" என்று தினமும் அவளிடம் சொல்வாராம்.

அந்தக் கையெழுத்தைக் காட்டித்தான் அவளை மடக்கினார்கள். புதிய பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோருக்கு ஒரு நிகழ்ச்சி. மேடையில் எட்டுப் பிள்ளைகள், எட்டுக் கேள்விகள், ஆளுக்கு ஒரு பதில். பெயர், வயது, பிடித்த நிறம், எத்தனை அண்ணன் தம்பி, காலையில் என்ன சாப்பிட்டாய், இன்று என்ன கிழமை, வானிலை எப்படி, கடைசிக் கேள்வி பெரியவளானால் என்ன ஆவாய். அதற்கு டாக்டர் என்று பதில். கேள்வியை அவள் கேட்கக் கூடாது, தலைமை ஆசிரியரே கேட்பாராம். அவருக்கு அந்த மொழியில் அ, ஆ கூடத் தெரியாது. கேள்விகளைத் தமிழ் எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டார். நிகழ்ச்சி நன்றாக நடந்தால் அன்றே நிரந்தரம் என்றார். அவள் இரண்டு நாள் முரண்டு பிடித்துவிட்டு ஒத்துக்கொண்டாள். 'எங்கள் பிள்ளைகள் ஸ்பானிஷ் பேசுகிறார்கள்' என்று பெரிய பதாகை எழுதியது இந்தக் கைதான்.

நிகழ்ச்சி அன்று காலை மூன்றாவது பிள்ளைக்குக் காய்ச்சல், வரவில்லை. மூன்றாவது கேள்வியை விட்டுவிடுங்கள் சார் என்று அவள் ஓடிப்போய்ச் சொன்னாள். "எல்லாம் எனக்குத் தெரியும், நீங்க கீழயே உக்காருங்க டீச்சர்" என்று கையை வீசி அனுப்பிவிட்டார்.

அட்டையைப் பார்த்து முதல் கேள்வியிலிருந்து வரிசையாகக் கேட்டார். பிள்ளைகளும் தயங்காமல் மணிமணியாகப் பதில் சொன்னார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். பக்கத்தில் ஓலா டீச்சர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெருமையில் அழுகிறாள் என்று நினைத்தேன், என் புத்தியை என்ன சொல்ல. ஏழு பிள்ளைகளும் பேசி முடித்தபின் அட்டையில் ஒரு கேள்வி மிச்சம். தலைமை ஆசிரியர் கடைசிச் சிறுமியிடமே மறுபடி ஒலிவாங்கியை நீட்டினார். அவள் தன் பதிலை ஏற்கெனவே சொல்லித் தீர்த்துவிட்டாள். கொஞ்சம் யோசித்தாள். ஓலா டீச்சரைப் பார்த்தாள். பிறகு, "தொடவீயா நோ லோ சே" என்றாள்.

அதற்குத்தான் பெரிய கைதட்டல். தலைமை ஆசிரியர் பூங்கொத்தோடு ஓலா டீச்சரை மேடைக்கு அழைத்து, இன்று முதல் இவர் நிரந்தரம் என்று அறிவித்தார். அவள் பூங்கொத்தைக் கீழே வைத்துவிட்டு ஒலிவாங்கியை வாங்கினாள்.

"மூணாவது பிள்ளை இன்னைக்கு வரல. அதனால எல்லாப் பதிலும் ஒண்ணு தள்ளிப் போச்சு. எத்தனை அண்ணன் தம்பின்னு கேட்டதுக்கு ரொட்டியும் பழமும்னு பதில். காலையில என்ன சாப்பிட்டேன்னு கேட்டதுக்குச் சனிக்கிழமை. வானிலை எப்படின்னா டாக்டர். தப்பு பிள்ளைங்க மேல இல்ல. ஆளுக்கொரு பதிலை மனப்பாடம் பண்ண வச்சோம், நானும் கூட்டு. பெரியவளானா என்ன ஆவேன்னு கேட்டதுக்கு இந்தப் பாப்பா இன்னும் தெரியாதுன்னு சொன்னா பாருங்க, அவ மட்டுந்தான் கேள்வியைக் காதுல வாங்கினா."

யாருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்? ஏமாந்த பெற்றோருக்கு, இல்லையா? முன்வரிசையில் ஒருவர் எழுந்து, நன்றாகப் போய்க்கொண்டிருந்த நிகழ்ச்சியை இந்த அம்மா கெடுத்துவிட்டார் என்றார். நாலு பேர் ஆமாம் போட்டார்கள். விண்ணப்பப் படிவம் வாங்கும் வரிசையில் ஓர் ஆள்கூடக் குறையவில்லை.

திங்கட்கிழமை அவளுடைய மேஜை காலி. இப்போது ஸ்பானிஷ் நேரத்தில் விளையாட்டு வாத்தியார் ஒரு பாட்டைப் போட்டுவிட்டுத் தூங்குகிறார். அவள் ஒரு விடுதியின் சலவை அறையில் மறுபடியும் விரிப்பு மடிக்கிறாள். படித்த படிப்புக்கு இந்த ஊர் கொடுத்த மரியாதை அது.

போன வாரம் அந்தப் பதாகையை என் அறைக்கு அனுப்பினார்கள். அடுத்த நிகழ்ச்சிக்குப் புதுச் சாயம் பூச வேண்டுமாம். அதைச் சுருட்டி அவளுடைய மேஜைக்கு அடியில் தள்ளினேன். எப்போது முடியும் என்று கேட்டு அலுவலக உதவியாளர் வந்தார்.

"தொடவீயா நோ லோ சே" என்றேன்.

அதை அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டு போனார்.