அரசாங்கம் எங்கள் காரில் ஏறிய நாள்

இன்று காலை என் மகள் சமையலறையில் நின்று தேத்தண்ணீர் குடித்தபடியே தன் போனில் எதையோ தட்டினாள். வெளியே, ஒருவருமில்லாத என் கார் தானாக உறுமத் தொடங்கியது. அந்த வித்தை எனக்கு இன்னும் கைவரவில்லை. ஒருமுறை நானே தட்டிப் பார்த்ததில், கார் ஸ்ராட் ஆகவில்லை. பின்கதவு மட்டும் மெதுவாகத் திறந்து, கொட்டுகிற ஸ்நோவை எல்லாம் உள்ளே வாங்கிக்கொண்டது. ஆகவே அவள்தான் தட்டுவாள். நான் போய் ஏறும்போது சீற் சுடும், ஸ்ரியரிங் சுடும், குளிர்காலம் வேறு யாருக்கோ வந்திருப்பது போல இருக்கும்.

இன்றைக்கு ஏறி உட்கார்ந்ததும் றேடியோவில் ஒருவர், கார்த் தொழில் நொடித்துப்போய் இருக்கிறது, அரசாங்கம் கைகொடுக்கப் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதே நேரம் முன்னாலிருந்த வென்றிலிருந்து சூடான பிளாஸ்ரிக் மணம் வந்தது. வென்ற் என்றால், காருக்குள் சூட்டுக் காற்று வரும் அந்தச் சின்ன வாசல். இரண்டு விரலால் மேலும் கீழும் திருப்புவீர்கள். அதை யாராவது இருந்து செய்திருப்பார்கள் என்று ஒருநாளும் யோசித்திருக்க மாட்டீர்கள். நான் செய்திருக்கிறேன், ஐயா. அந்த மணம் மூக்கில் ஏறியதும், என் வீட்டு வாசலை விட்டு எடுக்க வேண்டிய காரை எடுக்காமல் அப்படியே இருந்துவிட்டேன்.

தொண்ணூறுகளில், நான் கனடாவுக்கு வந்த புதிதில், ரெக்ஸ்டேல் பக்கம் ஒரு பக்ரறி இருந்தது. பெரிய கார்க் கொம்பனிகளுக்குக் கறுப்பு பிளாஸ்ரிக் வென்ற் செய்து கொடுப்பதுதான் அதன் தொழில். அங்கே நாங்கள் தமிழர் ஐந்து பேர் வேலை செய்தோம். ஐந்து பேரும் ஸ்காபரோவில் ஒரே கட்டடத்தில் வெவ்வேறு மாடிகளில் இருந்தோம். நகரத்தின் கிழக்கு ஓரத்திலிருந்து மேற்கு ஓரத்துக்கு, விடியுமுன்னரே, எங்களில் ஒருவரான ராசன் அண்ணையின் காரில் போவோம். அந்தக் காலத்தில் றைட், அதாவது வேலைக்குப் போய்வர இன்னொருவர் காரில் ஓர் இடம், பெரிய சங்கதி. கார் வைத்திருப்பவர் நாலு குடும்பத்துக்குச் சோறு போடுகிறவர் மாதிரி. அவர் சிரித்தால் நாங்கள் சிரிப்போம், அவர் பிந்தினால் நாங்களும் பிந்துவோம்.

ராசன் அண்ணையின் கார் மண்ணிறத்தில் ஒரு பழைய ஜப்பான் கார். அதன் ஹீற்றர் நாங்கள் ஏறுவதற்கு முன்னமே செத்துவிட்டது. திருத்துவதென்றால் எஞ்சினைக் கழற்ற வேண்டும் என்று ஒரு மெக்கானிக் சொல்லியிருந்தான். எஞ்சினைக் கழற்றினால் அது தன் வயதைத் தெரிந்துகொண்டு திரும்ப ஓட மறுத்துவிடும் என்று அண்ணைக்குப் பயம். ஆகவே, ஊரில் உள்ள கார்களுக்கெல்லாம் சூடு கொண்டுபோகும் சாமான் செய்கிற நாங்கள், போர்வையைப் போர்த்திக்கொண்டு, பல்லுக் கிட்டியபடி வேலைக்குப் போனோம். எங்கள் காரிலும் வென்ற் இருந்தது. வடிவான வென்ற். அதற்குள்ளிருந்து குளிர் வந்தது.

விறைப்பைக்கூடத் தாங்கலாம். எங்கள் மூச்சைத்தான் தாங்க முடியவில்லை. ஐந்து பேர் விடுகிற மூச்சு முன்கண்ணாடியில் உள்பக்கமாகப் பிடித்து ஐஸாகிவிடும். முன்சீற்றில் இருப்பவர் அதைச் சுரண்டிக்கொண்டே வர வேண்டும். அது நான். சுரண்டுவதற்கு, கொழும்புக்குப் போனில் கதைத்துக் காசு முடிந்துபோன கோலிங் கார்ட்டுகள் என் பொக்கற் நிறைய இருந்தன. நான் சுரண்டுகிற வேகத்தைவிட அவர்கள் மூச்சு விடுகிற வேகம் கூட என்பதால் அண்ணை ஒரு சட்டம் கொண்டுவந்தார்.

"எல்லாரும் குனிஞ்சு முழங்காலுக்கு மூச்சை விடுங்கோ. கதைக்கிறதெண்டால் பக்ரறியில போய்க் கதையுங்கோ."

பின்சீற்றின் இரண்டு கரையிலும் இருந்த சகோதரர்கள் இருவரும் ஊமை மாதிரி. அவர்களால் கரைச்சல் இல்லை. நடுவிலிருந்த குணம்தான் ஆபத்து. குணத்துக்கு என் வயது. கதைக்காவிட்டால் வருத்தம் வந்துவிடும் என்று நம்பியவன். அவன் ஒரு பகிடி சொன்னால் ஃபோர்-ஓ-வன் நெடுஞ்சாலை முழுதாக மறைந்துவிடும். திங்கள் காலை அந்த நெடுஞ்சாலையில், லொறிகளுக்கு நடுவே, நான் சுரண்டிய ஒரு தோசைக்கல் அளவு ஓட்டைக்குள்ளால் அண்ணை உலகத்தைப் பார்ப்பார். அதை நினைத்தால் ஞாயிறு இறைச்சிக் கறிகூட இறங்காது.

அப்படியான ஒரு குளிர்காலத்தில்தான் கார்த் தொழில் படுத்தது. கார் விற்கவில்லை, கார் விற்காவிட்டால் வென்ற் யாருக்கு வேண்டும்? பக்ரறி மெஷின்களை நிறுத்தினார்கள். சூட்டுப் பிளாஸ்ரிக் மணம் நின்றுபோனது. அப்போது அரசாங்கம் உதவிக்கு வந்தது. எங்கள் சம்பளத்தில் ஒரு பங்கை அது கொடுக்கும். அதற்கு ஒரே நிபந்தனை, கொம்பனி ஒருவரையும் நிற்பாட்டக் கூடாது, எல்லோரும் நாள்தோறும் வந்து வேலை செய்ய வேண்டும். வேலை எங்கே என்று அரசாங்கம் கேட்கவில்லை.

எங்கள் சுப்பவைசர் வால்ரர் நல்ல மனுசன். இல்லாத வேலையை எங்களுக்குத் தேடித் தர அவர் பட்ட பாட்டை வேறு எவரும் பட்டிருக்க மாட்டார்கள். காலையில் கிழக்குச் சுவரோரம் இருந்த பெட்டிகளை மேற்குச் சுவருக்குக் கொண்டுபோனோம். சாப்பாட்டுக்குப் பிறகு அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்தோம். நிலத்தில் மஞ்சள் கோடு போட்டோம். அது காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு மஞ்சள் கோடு. கடைசியில் அந்தக் கோடு தடக்கி ஒருவர் விழுந்தார். பிறகு வால்ரருக்கு அருமையான யோசனை ஒன்று வந்தது. செய்து வைத்திருக்கும் வென்றுகளை நிறம் பார்த்துப் பிரியுங்கள் என்றார். எல்லாமே கறுப்பு. கறுப்பில் எது கூடக் கறுப்பு, எது குறையக் கறுப்பு என்று பிரித்தோம். நீங்கள் சிரிப்பீர்கள். ஒரு கிழமை போனதும் எங்களுக்கு உண்மையாகவே வித்தியாசம் தெரியத் தொடங்கிவிட்டது.

"மச்சான், உது கறுப்பில்லையடா. உதைப் போய்க் கறுப்புப் பெட்டிக்குள்ள போடுறாய்?" என்று குணம் என்னோடு சண்டைக்கு வந்தான். இரண்டு நாள் நாங்கள் கதைக்கவில்லை. கார்க் கண்ணாடி அந்த இரண்டு நாளும் நல்ல தெளிவாக இருந்தது.

எனக்கு அந்த வேலை போகக் கூடாது. சும்மா ஆசைக்குச் சொல்லவில்லை. கலியாணம் கட்டி ஒரு மாதம்கூட ஒன்றாக இருக்காமல் மனைவியைக் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் விட்டுவிட்டு வந்திருந்தேன். கதவில் யாராவது தட்டினால் பொலிஸோ என்று அவள் பயப்படுகிற நாட்கள். அவளைக் கனடாவுக்குக் கூப்பிடுகிற ஸ்பொன்சர் அலுவல் நடந்துகொண்டிருந்தது. அது முடியுமட்டும் வேலையில் இருக்க வேண்டும், வேலை போனால் எல்லாம் போச்சு என்று எங்கள் கட்டடத்தில் எல்லோரும் சொன்னார்கள். சட்டம் அப்படித்தானா என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்து அது உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது? ஆகவே கறுப்பையும் கறுப்பையும் கண் நோகப் பிரித்தேன்.

தை மாதத்தில் ஒரு நாள் பெரிய புயல். ஒருவரும் வெளியே போக வேண்டாம் என்று றேடியோ சொன்னது. நாங்கள் ஐந்து பேரும் கீழே வாசலில் நின்று யோசித்தோம்.

"இண்டைக்கு விட்டிடுவம் அண்ணை. போய்த்தான் என்ன செய்யப் போறம்?" என்றான் குணம்.

ராசன் அண்ணை அவனை இரக்கத்தோடு பார்த்தார். "அதுக்குத்தானடா போக வேணும். நாங்கள் போகாமல் விட்டு அங்க ஒண்டும் நிக்கேல்லையெண்டால், எங்கள் தேவையில்லையெண்டு கண்டுபிடிச்சிடுவாங்கள் எல்லே?"

ஏறினோம்.

நெடுஞ்சாலையில் ஊர்ந்து ஊர்ந்து போய், ரெக்ஸ்டேலுக்கு இறங்குகிற வளைவில், ஒரு புத்தம் புதுக் கார் ஸ்நோக் கும்பிக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர், கோட்டும் கழுத்துப்பட்டியும் மெல்லிய சப்பாத்துமாக நின்று கையைக் காட்டினார். ஐந்து பேரும் இறங்கித் தள்ளிப் பார்த்தோம், கார் அசையவில்லை. ஆளை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியுமா? அண்ணை அவரை முன்சீற்றில் ஏற்றினார். நான் பின்னால் போய் நாலாவது ஆளாக நெரிந்தேன்.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் எங்கள் பக்ரறியின் பெயரைச் சொன்னார். தான் அரசாங்கத்திலிருந்து வருவதாகவும், கொடுத்த உதவியால் உண்மையில் வேலை நடக்கிறதா என்று பார்க்கப் போவதாகவும் சொன்னார். அதை நான் தமிழில் சொல்லத் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் விளங்கிவிட்டது. சகோதரர்களில் மூத்தவர் அந்தக் குளிர்காலத்தில் முதன்முறையாக வாய் திறந்து "முருகா" என்றார்.

"அட, நீங்களும் அங்கேதான் வேலையா?" என்று, திரும்பி என் தொப்பியில் பக்ரறியின் பெயரைக் கண்ட அந்த மனிதர் மகிழ்ச்சியோடு கேட்டார். "இந்த நாட்களில் என்ன வேலை செய்கிறீர்கள்?"

குணம் பதில் சொல்ல மூச்சை இழுத்தான். அவனுக்குப் பொய் வராது. உண்மையைச் சுருக்கவும் தெரியாது. கறுப்பில் எத்தனை வகை என்று அவன் தொடங்கினால் என் மனைவி கொழும்பிலேயே கிழவியாகிவிடுவாள். நான் அவன் தொடையைக் கிள்ளினேன். அதற்குள் முன்கண்ணாடி பால் மாதிரி வெளுத்துவிட்டது. பக்கத்தில் ஒரு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

ராசன் அண்ணைக்குப் பதற்றத்தில் அரசாங்கமும் ஒன்றுதான், குணமும் ஒன்றுதான். "தம்பி! அரசாங்கத்தை மூச்சு விட வேண்டாம் எண்டு சொல்லும்! குனியச் சொல்லும்! அந்தக் கார்ட்டைக் குடுத்துச் சுரண்டச் சொல்லும்!"

நான் சொன்னேன். என் ஆங்கிலம் அந்த நாளில் மரியாதைச் சொற்கள் இல்லாத ஆங்கிலம். மூச்சு விடாதீர்கள், குனியுங்கள், சுரண்டுங்கள் என்று மூன்று கட்டளையாகத்தான் அது வெளியே வந்தது. அவர் என்னை ஒருமுறை பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். பிறகு கழுத்துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். ஒரு கையால் என் கோலிங் கார்ட்டை வாங்கிச் சுரண்டத் தொடங்கினார். நன்றாகவே சுரண்டினார். பக்ரறி வாசல் வரும்வரை அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

பக்ரறி கேற் பூட்டியிருந்தது. வால்ரரும் வரவில்லை, வேறு ஒரு குருவியும் வரவில்லை. பூட்டின் முன்னால் ஐந்து தமிழரும் ஒரு அரசாங்கமும் முழங்காலளவு ஸ்நோவில் நின்றோம். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது, குளிராகவும் இருக்கலாம். இப்படியான காரில், இப்படியான புயலில், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு வருகிறீர்கள் என்றால் உள்ளே எவ்வளவு வேலை குவிந்திருக்க வேண்டும் என்றார். எல்லோருக்கும் கை கொடுத்தார். அவரைப் பெற்றோல் ஸ்ரேஷன் ஒன்றில் இறக்கிவிட்டு வரும்போது, வீடு வரும்வரை குணத்தைக் கதைக்க விட்டார் அண்ணை. எனக்கு மனைவி பாதி தூரம் வந்துவிட்டது போல இருந்தது.

மாசி முடிவில் வால்ரர் எங்கள் ஐந்து பேரையும் கூப்பிட்டார். முகம் செத்திருந்தது. இந்தத் தொழிற்சாலையில் புயலென்றும் பாராமல் ஆட்கள் ஓடி வருகிற அளவுக்கு வேலை இருக்கிறது, நொடித்தவர்களுக்கான உதவி இனி இவர்களுக்குத் தேவையில்லை என்று அரசாங்கம் தீர்மானித்துவிட்டதாம். உதவி நின்றது. பக்ரறியை மூடப் போகிறார்கள்.

"அன்றைக்கு உங்களை யார் வரச் சொன்னது?" என்று கேட்டார் வால்ரர். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்.

மூடிய அடுத்த திங்கள் காலையும் ராசன் அண்ணை கீழே வந்து ஹோர்ன் அடித்தார். பழக்கதோஷத்தில் நாங்களும் இறங்கி ஏறிவிட்டோம். ஏறின பிறகுதான் எங்கே போவது என்ற கேள்வி வந்தது. "வேலை தேட" என்றார் அவர். ஐந்து பேரும் ஒன்றாகப் போய் ஒவ்வொரு கொம்பனி வாசலிலும் வரிசையாக நின்றோம். எடுத்தால் ஐந்து பேரையும் எடுக்க வேண்டும், கார் ஒன்றுதான் இருக்கிறது என்று நான் விளக்கிச் சொல்வேன். அவர்கள் கதவைச் சாத்துவார்கள். அந்தச் சில கிழமைகளில் நான் கொழும்புக்குப் போன் எடுக்கவில்லை. அவள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயம். கடைசியில் மார்க்கம் என்ற ஊரில் ஓர் ஐஸ்கிறீம் கொம்பனியில் குளிரறைக்கு ஐந்து பேர் தேவைப்பட்டது. குளிர் தாங்குவீர்களா என்று கேட்டார்கள். ராசன் அண்ணைக்கு அந்தக் கேள்வி அவமானமாக இருந்தது.

அந்தக் கோடையில் மனைவி வந்து சேர்ந்தாள். விசா அதிகாரி என்ன கேட்டான் என்று கேட்டேன். கனடாவில் குளிர் என்று தெரியுமா என்று மட்டும்தான் கேட்டானாம். என் வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதைக் கேட்டுச் சிரிப்பதா தலையில் அடிப்பதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எயார்போட்டுக்கு ஐந்து பேரும் போயிருந்தோம். அவளுக்கும் சூட்கேசுக்கும் இடம் விட்டுச் சகோதரர்கள் இருவரும் பஸ்ஸில் திரும்பினார்கள். அதுதான் தொடக்கம். அடுத்த குளிருக்கு முன் நான் ஒரு கார் வாங்கினேன், ஹீற்றர் உள்ள கார். பிறகு குணம் வாங்கினான், சகோதரர்கள் ஆளுக்கொன்று வாங்கினார்கள். வீடுகள் வந்தன, வேறு வேறு வேலைகள் வந்தன. ஒருவரும் ஒருவரோடும் கோபிக்கவில்லை.

போன வருடம் குளிர்காலத்தில் ராசன் அண்ணை செத்துப்போனார். அவரைப் பார்வைக்கு வைத்திருந்த மலர்ச்சாலையின் பார்க்கிங்கில் இடமே இல்லை. குணமும் சகோதரர்களும் நானும் ஒருவரையொருவர் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக் கையைக் காட்டிக்கொண்டு, சூடான நாலு கார்களில் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தோம். பிறகு கார்களை நாலு தெருக்களில் கொண்டுபோய் விட்டுவிட்டு, நாலு பக்கத்திலிருந்தும் தனித்தனியாக ஸ்நோவில் நடந்து வந்தோம். நாங்கள் உள்ளே போவதற்குள் பெட்டியை மூடிவிட்டார்கள்.