மாமி இருந்த பத்தியம்

அவித்த முட்டையை உரிக்கும்போதெல்லாம் எனக்கு என் வலது கால் நினைவுக்கு வரும்; கூடவே மாமியாரும் வந்துவிடுவார். தொண்ணூறுகளில் இலங்கையில், கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கத்தி வழுக்கிக் கெண்டைக்காலில் இறங்கியது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. யாருக்காவது ஆஸ்பத்திரியில் கப்சூல் கொடுத்தால், கொஞ்சம் சுகமானதும் மிச்சத்தைப் பத்திரப்படுத்தி, அடுத்த வீட்டில் நோவென்றால் கொடுத்துவிடுவார்கள். அவ்வளவு நல்ல மனசு! எனக்கும் நாலு வீட்டுக் கப்சூல் வந்தது. ஞாபகம் வந்தபோது விழுங்கினேன். மாமி தன் பங்குக்குப் பத்தியம் வைத்தார். முட்டை, மீன், பருப்பு தின்றால் புண் சீழ் பிடிக்குமாம். உப்புக் கஞ்சி மட்டுந்தான். கால் வீங்கி நாற்றமெடுத்து, கடைசியில் பெரியாஸ்பத்திரி வாட்டில் போய்க் கிடந்தேன்.

டொக்டர் நோனா, அதாவது டொக்டரம்மா, சிங்களத்தில் சொன்னதை மாமிதான் கேட்டு வந்தார். அரைகுறையாக விழுங்கிய மருந்துக்கெல்லாம் கிருமி பழகிவிட்டதாம். வேறு ஊசி போடுகிறார்களாம். ஆனால் ஊசி மட்டும் போதாது, உடம்பும் சேர்ந்து சண்டை போட வேண்டும், அதற்கு இந்த உடம்பில் தெம்பே இல்லை. நன்றாகச் சாப்பிடக் கொடுக்காவிட்டால் காலை எடுக்க வேண்டி வரும் என்றாராம். மாமி மருமகன் முகம் பார்த்துப் பேசுகிற ஆளில்லை. எதுவானாலும் மகள் வழியாகத்தான் வரும். மகளோ பிள்ளை பெற்று வீட்டில் இருந்தாள். பாவம், கட்டில் கம்பியைப் பார்த்துப் பேசினார்: “முட்ட குடுக்கச் சொல்றாங்க. தின்னா சீப் புடிக்குமே, சாமி! குடுக்காட்டி கால வெட்டிருவாங்களாம். நா என்னா செய்வேன்?” அழுதேவிட்டார்.

மறுநாளிலிருந்து பஸ் பிடித்து அவித்த முட்டையும் பருப்புச் சோறும் கொண்டுவந்தார். முட்டையைத் தானே உரித்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டே நீட்டுவார். மெல்ல மெல்லச் சீழ் வற்றியது, கால் தப்பியது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மனைவி சொன்னாள், அத்தனை நாளும் மாமி உப்புக் கஞ்சி தவிர எதையும் தொடவில்லையென்று. ஏனென்று கேட்டதற்கு, “அவுங்க பத்தியத்த முறிச்சுட்டோம். யாராச்சும் இருக்கணும்ல? நா இருந்துட்டுப் போறேன்” என்றாராம். நொண்டிக்கொண்டே அடுப்படிக்குப் போய், ஒரு முட்டையை உரித்து அவர் தட்டில் வைத்தேன். “புண்ணு ஆறிருச்சு மாமி, சாப்பிடுங்க.” முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு மகளிடம் சொன்னார்: “பாத்தியாடி, யாரு பத்தியம் பலிச்சிச்சுன்னு?”

மாமி போய்ப் பல வருடமாகிறது. இன்று இரண்டு கால்களையும் நீட்டி உட்கார்ந்து முட்டை உரிக்கிறேன். முதல் முட்டையை இன்னமும் அவருக்குத்தான் எடுத்து வைக்கிறேன்.