நான் வெட்டிய காப்பு

எங்கள் குடும்பத்தில் ஒருவனின் தொழிலை முடித்துவைத்தவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது. ஆயுதம், நுனி மழுங்கிய பள்ளிக்கூடக் கத்தரிக்கோல்.

அந்த ஒருவன் என் பெரியம்மாவின் மகன். நான் அண்ணா என்று கூப்பிடுவேன். பெரியம்மா குடும்பம் ஹொலண்டில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தது. வரும்போது அண்ணா பேஸ்போலையும் கூடவே கொண்டுவந்துவிட்டான். அங்கே ஒரு கழகத்துக்குச் சம்பளத்துக்குப் பந்து வீசியவன். வீசுகிறவனுக்குப் பெயர் பிச்சர். லண்டனில் நாங்கள் இருந்த சட்டன் பக்கம் எந்தப் பிறந்தநாள் வீட்டுக்குப் போனாலும் பெரியப்பா இதை விளங்கப்படுத்த வேண்டியிருந்தது.

"பௌலர் மாதிரித்தான். ஆனா ஓடிவாறேல்லை, நிண்ட இடத்தில நிண்டு எறியிறது."

"அப்ப மாங்காய்க்குக் கல்லெறியிற மாதிரியோ?" என்று யாராவது கேட்பார்கள். பெரியப்பாவின் முகம் கறுத்துவிடும்.

பாவம், அவருக்கும் வேறு வழியில்லை. மகன் யுனிவர்சிட்டியை விட்டுவிட்டுப் பந்தெறிகிறான் என்பது லண்டன் முழுக்கத் தெரிந்துபோயிருந்தது. ஆகவே அமெரிக்காவிலிருந்து ஒருவர் அண்ணாவின் வீச்சைப் பார்க்க வருகிறார், பிடித்தால் கையோடு ஒப்பந்தம் என்ற செய்தி வந்ததும், அதையும் லண்டன் முழுக்கச் சொல்லிவிட்டார்.

அவர் வரவிருந்த அந்த ஜூலைக் கிழமை நான் பெரியம்மா வீட்டில் நின்றேன். ஒருநாள் விடிய, குசினியில் அண்ணா உறைந்த பட்டாணிப் பக்கற்றை வலது முழங்கையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்தான். தலையையும் இடக்கையாலேயே வாரினான். பெரிய விளையாட்டுக்காரர்கள் இப்படியெல்லாம் செய்வார்கள் போல என்று நினைத்து, அந்த இரகசியத்தை நான் பெருமையோடு காப்பாற்றினேன்.

கடவுளிடமும் ஒரு விண்ணப்பம் போயிருந்தது. முந்தைய ஐப்பசியில் பெரியம்மா கேதாரகௌரி விரதத்தை இருபத்தொரு நாளும் ஒருவேளைச் சாப்பாட்டோடு பிடித்து, கடைசி நாள் கோயிலில் அண்ணாவுக்குக் காப்புக் கட்டுவித்தார். இருபத்தொரு இழை நூல். ஆண்களுக்கு வலக்கை மணிக்கட்டில் கட்டுவார்கள். அடுத்த விரதம் வரை கழற்றக் கூடாது. பிச்சர் வீசும் கையில் ஒரு நூல்கூட இருக்கக் கூடாது என்று பேஸ்போலில் ஒரு சட்டம் இருப்பதைப் பெரியம்மாவும் அறியார், அம்மனும் அறிந்திருக்க நியாயமில்லை. அண்ணா எந்த வெயிலிலும் நீளக்கைச் சட்டைக்குள் அதை மறைத்துச் சமாளித்து வந்தான்.

சனிக்கிழமை ஹரோவில் தமிழ் வகுப்பு முடிந்ததும் பெரியப்பா என்னைப் புத்தகப்பையோடு நேரே மைதானத்துக்கு ஏற்றிப்போனார். அமெரிக்கர் கம்பிவலைக்குப் பின்னால், வேகம் அளக்கும் கருவியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பெரியம்மாவுக்கு வாய் ஓயாமல் தேவாரம்.

அண்ணா அன்றைக்குக் கட்டைக்கைச் சட்டையோடு இறங்கினான். வீசும் மண்மேட்டில் ஏறிப் பந்தை வாங்கியவன், வீசாமல் நேரே நடுவரிடம் போய்த் தானாகவே மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினான். நடுவர் குனிந்து பார்த்துவிட்டு, கழற்று அல்லது வேறு ஆள் வீசட்டும் என்றார். இது எங்கள் சமயம், கழற்ற முடியாது என்று அண்ணா ஆங்கிலத்தில் அமைதியாகச் சொல்லிவிட்டு, ஆட்டக்காரர்கள் இருக்கும் மர வாங்கில் போய் உட்கார்ந்தான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இவனை யார் அரிச்சந்திரனாக இருக்கச் சொன்னது?

அமெரிக்கர் கோபிக்கவில்லை. செப்டெம்பரில் திரும்ப வருவேன், அப்போது பார்க்கிறேன் என்று பெரியப்பாவின் தோளில் தட்டினார். பெரியப்பா தொய்ந்துபோய் எங்களிடம் வந்தார்.

"வெள்ளைக்காரன் பிறகு பாப்பம் எண்டால், பாக்கமாட்டன் எண்டுதான் அர்த்தம். எல்லாம் முடிஞ்சுது."

"நான் கட்டுவிச்ச காப்பே என்ர பிள்ளைக்கு வினையாப் போச்சு," என்று பெரியம்மா சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார்.

அந்த அழுகையை என்னால் தாங்க முடியவில்லை. பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வாங்குக்கு ஓடினேன். "அண்ணா, கையைத் தாங்கோ," என்றேன். தந்தான். வெட்டினேன்.

பெரியம்மா ஓடிவந்தபோது நூல் புல்லில் கிடந்தது. "என்ன பிள்ளை செய்து போட்டாய்," என்று தலையில் கைவைத்தார். நடுவரோ, பிரச்சினை தீர்ந்தது, வா என்று சைகை காட்டினார். அமெரிக்கர் மறுபடி உட்கார்ந்து கருவியை உயர்த்தினார். பெரியப்பா கும்பிட்டுக்கொண்டு நின்றார். எல்லோரும் அண்ணாவைப் பார்த்தார்கள். அவன் எழும்பிப் போனான்.

முதல் மூன்று பந்தும் பிடிப்பவரின் கையுறையில் போய் அடித்த சத்தம் எங்கள் வரைக்கும் கேட்டது. அமெரிக்கர் கருவியைப் பார்த்து எதையோ எழுதினார். பெரியப்பா என் தலையைத் தடவினார். நாலாவது பந்து எங்கேயோ போய் விழுந்தது. அண்ணா முழங்கையைப் பிடித்துக்கொண்டு மண்மேட்டிலேயே குந்திவிட்டான்.

சத்திரசிகிச்சை நடந்தது. ஆனாலும் அவன் பிறகு பந்து வீசவே இல்லை. அறுக்கக் கூடாததை அறுத்ததால் வந்த குற்றம் என்று குடும்பம் முடிவெடுத்தது. நானும் அப்படியே நம்பி, இருபது வயதிலிருந்து அந்த விரதத்தை ஒரு வருடமும் தவறாமல் பிடித்தேன்.

போன வருடம் பிளேஸ்டோவில் என் குசினிக்குத் தரை போட அண்ணாதான் வந்தான். இப்போது அவனுடைய தொழில் அதுதான். தேத்தண்ணி கொடுக்கும்போது, அம்மன் குற்றத்துக்கு என்னை மன்னிக்கச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"அம்மன் என்ன செய்தவ? கை ஏற்கெனவே பழுது. ரெண்டு மாசம் ஆறினால் சுகமாகும் எண்டு டொக்டர் சொன்னவர். நோகுது எண்டு சொன்னால் அந்த அமெரிக்கன் என்னைத் தொடவும் மாட்டான். அதுதான் காப்பைக் காட்டி, செப்டெம்பர் வரைக்கும் தவணை எடுத்தனான்."

அன்றைக்கு அந்த வாங்கில் நடந்தது எனக்குத் திரும்ப நினைவுக்கு வந்தது. கத்தரிக்கோல் மழுங்கல், இருபத்தொரு இழையும் ஒரே வெட்டில் அறவில்லை. முதல் வெட்டிலேயே அவனுடைய இடக்கை வந்து என் கையை இறுக்கிப் பிடித்தது. நிமிர்ந்து பார்த்தேன், ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நன்றி சொல்கிறான் என்று நினைத்து, நான் இன்னும் வேகமாக வெட்டினேன்.