தங்கப்பல் தெரியாத வேன்காரர்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளை ரிங்லெட் ஊர்ப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வேன்காரர், தங்கப்பல் தெரியச் சிரித்து ஆளுக்கொரு மிட்டாய் கொடுப்பார். ஒருநாள் நான் கவனிக்கும் தோட்ட நூலகத்துக்கு வந்தார்.

"சார், ஒரு பொண்ணு நேத்துலேர்ந்து வேன்ல ஏற மாட்டேங்குதுலா. இங்கேர்ந்து அது எடுத்துட்டுப் போன புக்குல புள்ள புடிக்கிற மந்திரவாதி வர்றானாமே, அவன் எப்படி இருப்பான்?"

"சிரிச்சிக்கிட்டே மிட்டாய் குடுப்பான்," என்றேன். என்னைப் போன்ற ஓய்வுபெற்ற அரசு அதிகாரிக்குத் துல்லியம் முக்கியம்.

மறுநாள் மிட்டாயும் இல்லை, சிரிப்பும் இல்லை. அவள் ஏறிவிட்டாள். மற்றவர்கள்தான், "அங்கிள், எங்க மேல கோவமா?" என்றார்கள். அவர் சாலையையே பார்த்தார்.

எந்தப் புகாருக்கு எந்தப் படிவம் என்பது எனக்குத் தெரியும். சொன்னதைத் திரும்பப் பெறத்தான் படிவம் இல்லை. காலையில் வேன் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடுகிறேன். அந்தத் தங்கப்பல் இன்னும் தெரியவில்லை.